ஏழாம் எண் வாத்து உள்ளே இருக்கிறது

இப்போதெல்லாம் எவனும் ஆளைப் பார்த்துப் பேசுவதில்லை. மணி என்ன என்று கேட்டால் உள்ளங்கையைப் பார்க்கிறான். மழை வருமா என்று கேட்டாலும் உள்ளங்கையைத்தான் பார்க்கிறான். "வராதுன்னு போட்டிருக்கு" என்கிறான், மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டச் சொட்ட. எதிரே நிற்கிற மனுஷன் சொல்வது பொய், கண்ணாடிச் சில்லில் எவனோ எழுதி வைத்தது மெய். இந்தக் கூத்தில் பூட்டுக்காரர் ஒரு பகல் முழுக்க மாட்டிக்கொண்டு முழித்த கதை இது.

பூட்டுக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போன நாட்களைவிட அதன் கதவுப் பூட்டைச் சரிசெய்யப் போன நாட்கள் அவருக்கு அதிகம். எவரையும் நம்ப மாட்டார். "எல்லாரும் யோக்கியன்னா நான் என்னத்த வித்துச் சாப்பிடறது?" என்பார்.

அன்றைக்கு அவருக்கு இரண்டே வேலை. காலையில் ஓர் ஆபீசில் புதுப் பூட்டு மாட்ட வேண்டும். சாயங்காலம் கண்ணாஸ்பத்திரிக்குப் போய் மனைவியைக் கூட்டி வர வேண்டும். அந்த அம்மாளுக்கு ஒரு கண் எப்போதோ மங்கிவிட்டது. மற்றதை அறுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். ஆக, கட்டு அவிழ்க்கும்வரை உலகமே இருட்டு. சாயங்காலம் வார்டைக் கழுவி மூடுவார்கள். அதற்குள் போகாவிட்டால் அவள் தாழ்வாரத்தில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வருகிற காலடி ஒவ்வொன்றுக்கும் தலையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதற்காகத்தான் அவர் காலையிலேயே கிளம்பினார். ஆனால் கேட்டால் "ஆட்டோக்காரன் சாயங்காலம் பேரம் பேசுவான், அதான் அவசரம்" என்றுதான் சொல்வார்.

ஏரிக்கரை வழியாகக் குறுக்கே நடந்தபோது, உடைந்த மதகுக்குக் கீழே சேற்றில் ஏதோ மின்னியது. தீப்பெட்டியைவிடச் சின்னது. கறுப்பு. முதுகில் நீலக் கண்ணாடிப் பட்டை, ஓரத்தில் அறுந்த வார். வேறு யாராக இருந்தாலும் காலால் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். பூட்டுக்காரர் கண்ணுக்கு உலகத்தில் கீழே கிடப்பதெல்லாம் யாரோ தொலைத்த சாவி. "எவனோ காரோட ரிமோட்டை விட்டுட்டுத் தவிக்கிறான்" என்று துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கடைச் சுவரில் இதற்கென்றே ஓர் ஆணி இருக்கிறது. தொலைந்த சாவிகள் அதில் தொங்கும், உடையவன் வரும்வரை.

ஆபீசின் பெயர்ப்பலகை அதன் கதவைவிட அகலம். காட்டுப் பறவை நடமாட்ட உயர்நிலைக் கண்காணிப்பு மையம். உள்ளே ஒரு பெரிய அறை. சுவர் நிறைய ஒரு திரை; முதுகில் கருவி மாட்டிவிட்ட வாத்துகள் அதில் புள்ளிகளாக ஊரும். அதன் முன்னால் கண் சிமிட்டாத ஓர் ஆள். அவரைத் திரைக்காரர் என்பார்கள். கண்ணாடிப் பேழைக்குள் பஞ்சடைத்த வாத்து ஒன்றை மேசைமேல் வைத்துக்கொண்டு இயக்குநர். மூலையில் முழங்கால்வரை சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸோடு ஒரு பெண். அவளை எல்லோரும் "களப்பணி" என்றே கூப்பிட்டார்கள்.

"பூட்டு எப்படி இருக்கணும் தெரியுமா?" என்றார் இயக்குநர். "உள்ளேர்ந்து போகவும் சாவி வேணும். கதவு தானா சாத்திக்கணும். ஸ்டாஃப் டீ குடிக்க நழுவுறாங்க."

"இதைப் போட்டா எந்தக் கொம்பனாலயும் திறக்க முடியாது சார்" என்று மாட்டிக் காட்டினார் பூட்டுக்காரர். பெருமை தாங்காமல் மூன்று தடவை சாத்தித் திறந்து காட்டினார். சாவியை இயக்குநர் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

அப்போதுதான் திரையில் மணி அடித்தது.

"சார்!" திரைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "ஏழு வந்திருக்கு சார்! ஏழாம் எண் வாத்து!"

"எங்க?"

"இங்க."

"இங்கன்னா எந்த மாவட்டம்?"

"நம்ம ரூம் சார்."

தேடல் தொடங்கியது. திரைச்சீலையை உதறினார்கள். திரைக்காரர் குடையால் பொய்க்கூரையை ஒவ்வொரு பலகையாகக் குத்தினார். குடை உடைந்தது, வாத்து விழவில்லை. இயக்குநர் தம் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தார்.

"வந்த வழியைப் படி" என்றார்.

"ராத்திரி பூரா ஏரிக்கரை சார். காலையில கிளம்பி நடந்தே வந்திருக்கு. தார் ரோட்டு ஓரமா. டீக்கடையில கொஞ்ச நேரம் நின்னிருக்கு. அப்புறம் சிவப்பு விளக்குல நின்னு, பச்சை விழுந்ததும் ரோட்டைத் தாண்டியிருக்கு."

"சாலை விதியை மதிக்கிற காட்டுப் பறவை!" இயக்குநரின் குரல் தழுதழுத்தது. "எழுதிக்கோ. உலகத்துலயே முதல் தடவை."

"உடம்பு சூடு மட்டும் கம்மியா இருக்கு சார். வாத்துக்கு இதைவிட நல்லா சுடணும்."

"அது மனுஷ சூடு சார்" என்றாள் களப்பணி.

"களப்பணி, நீ தகவல் கொண்டுவரலாம். அபிப்பிராயம் கொண்டுவரக் கூடாது. சூடு கம்மின்னா சீக்கு." இயக்குநர் தடித்த நெறிமுறைப் புத்தகத்தை விரித்தார். "நோயுற்ற பறவை கட்டடத்துக்குள் தங்கினால் கட்டடத்தை மூட வேண்டும். சாவியை உறையிலிட்டு அரக்கு வைத்து வெளியே தள்ள வேண்டும்."

பூட்டுக்காரர் வாய் திறப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது. 'க்ளக்' என்ற சத்தம் அருமையாக இருந்தது. சாவி உறைக்குள் போய், அரக்கு சொட்டி, கதவடியில் வழுக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனது.

"சார், நான் போகணும். அதுக்கு முன்னாடி…" என்றபடி பூட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்ததை எடுத்து நீட்டினார். "நீங்க தேடுறது இதுவா பாருங்க. மதகுகிட்ட கிடந்துது."

அவ்வளவுதான், விவகாரம் தீர்ந்தது என்று நினைத்தார். பாவம்.

திரைக்காரர் கருவியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். திரையில் புள்ளி அசைந்தது. "ஆமா சார், இதுதான்."

"ஆக, வாத்து இவரா?" என்றார் இயக்குநர்.

"நான் எப்படி சார் வாத்தாவேன்? கருவி என்கிட்ட இருந்துது. இந்தாங்க, பிடிங்க."

இயக்குநர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "கருவியைப் பறவைகிட்டேர்ந்து பிரிக்க இங்க யாருக்கும் அதிகாரம் இல்ல. அப்படியே பையில வைங்க." புத்தகத்தைப் புரட்டினார். "கருவியைச் சுமக்கும் உயிர் தாங்கி எனப்படும். இறகு இருக்கணும்னு எங்கயும் போடலை. நீங்க தாங்கி."

"சுமைதாங்கிக் கல்லு மாதிரி நிக்க எனக்கு நேரமில்ல சார். என் பையைத் தாங்க, நான் கிளம்புறேன்." அவருடைய பூட்டு வேலைச் சாமான் பையைச் சுற்றி அதற்குள் மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். "கூடு" என்று எழுதிய அட்டை ஒன்றும் அதன்மேல் இருந்தது. "தாங்கன்னா தாங்கய்யா!"

"பாருங்க," என்றார் இயக்குநர் நிம்மதியாக, "தாங்க, தாங்கன்னு அதுவே ஒத்துக்குது."

அதற்குப் பிறகு யாரும் அவரோடு பேசவில்லை. காட்டுப் பறவையோடு பேசக் கூடாது என்பது விதி. அவரைப் பற்றி மட்டும் கிசுகிசுப்பாகப் பேசிக்கொண்டார்கள்.

"கதவை யார் வந்து திறப்பாங்க?" என்று பூட்டுக்காரர் கத்தினார்.

"கதவைப் பத்தி விசாரிக்குது சார்."

"மண்டல அனுமதி அதிகாரி வந்துதான் திறக்கணும்" என்று இயக்குநர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அவர் எங்க?"

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "அது நான்தான். கூடுதல் பொறுப்பு."

"அப்ப அனுமதி குடுங்களேன்!"

"அந்தப் பொறுப்பை அந்த ஆபீஸ் நாற்காலியில உக்காந்தாத்தான் பார்க்க முடியும். எதிர்த்த கட்டடம்." ஜன்னல் கம்பிக்கு அப்பால் எதிர்த்த கட்டடம் தெரிந்தது. காலி நாற்காலிகூடத் தெரிந்தது. அதன்மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஆயிற்று. திரைக்காரர் அகலமான தட்டில் தண்ணீரும் ஒரு காகிதத்தில் தானியமும் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டுப் பூனை நடையாகப் பின்வாங்கினார். பூட்டுக்காரர் அதைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். காலையில் குடித்த டீ எப்போதோ கரைந்துபோயிருந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்து மென்றார்.

"சாப்பிடுது" என்றார் திரைக்காரர். எல்லோர் முகத்திலும் ஒரு கனிவு.

போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி. நர்ஸ் நம்பர் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

"ஏங்க, எங்க இருக்கீங்க? வீட்டுக்குப் போகச் சொல்லிப் பேர் எழுதி விட்டுட்டாங்க. பையெல்லாம் எடுத்து வச்சாச்சு."

"ஒரு ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன்டி. விட மாட்டேங்குறாங்க."

"என்ன பண்ணீங்க? யாரையாவது திட்டினீங்களா?"

"நான் ஒண்ணும் பண்ணலை. என்னைய வாத்துங்குறாங்க."

"வெயில்ல சுத்தாதீங்கன்னா கேட்டாத்தானே. கண்ணு போனது எனக்கு, புத்தி போனது உங்களுக்கு."

"உண்மையாத்தான் சொல்றேன்!"

"சரி, வாத்தோ கோழியோ, இருட்டுறதுக்குள்ள வந்துடுங்க." குரல் இறங்கியது. "எனக்கு ஏற்கெனவே இருட்டாத்தான் இருக்கு. ஆனா ஆளுங்க போற சத்தம் குறையக் குறைய ஒரு மாதிரி இருக்குங்க."

பூட்டுக்காரர் போனை மடக்கிப் பையில் போட்டார். அறை முன்னைவிடச் சின்னதாகிவிட்டது போலிருந்தது.

திரையில் இப்போது மேலிடம் தோன்றியது. ஒரு பெரிய மேசை, ஏழெட்டு வழுக்கைகள். இயக்குநர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பேசினார்.

"ஐயா, இந்த மையம் தொடங்கின நாள்லேர்ந்து நாங்க ஒரு பறவையைக்கூட நேர்ல பார்த்ததில்ல. பார்க்கிறது எங்க வேலையும் இல்ல. பறவையைப் பார்த்தா மனசு இளகும், தகவல் கெட்டுப்போகும். இந்த ஏரியில வாத்துங்க செத்துக் கிடக்குதுன்னு களப்பணி திரும்பத் திரும்ப எழுதினாங்க. செத்த பறவை நடமாடாது. நடமாடாதது நம்ம துறையில வராது. அதைத் திருப்பி அனுப்பிட்டோம். எங்க பொறுமைக்குப் பலனா, இன்னிக்கு ஒரு பறவை தானே எங்களைத் தேடி வந்திருக்கு. இதை வெளியில விட்டா சாதனையும் வெளியில போயிடும்."

"பறவை ஒத்துழைக்குதா?" என்றது ஒரு வழுக்கை.

"தானியம் எடுத்துக்கிச்சு ஐயா. போன்ல பேசிச்சு."

"பேசிச்சா?"

"ஒலி எழுப்பிச்சு."

"அடுத்த கட்டத்துக்குப் போங்க" என்றுவிட்டு மேலிடம் மறைந்தது.

அடுத்த கட்டம் என்னவென்று திரைக்காரர் புத்தகத்தைப் படித்தார். நோயுற்ற காட்டுப் பறவை இருக்கும் இடத்தில் வேறு பறவைகள் இருந்தால் அவற்றை அப்புறப்படுத்த வேண்டும். எல்லோர் கண்ணும் மேசைமேல் இருந்த பஞ்சடைத்த வாத்தின்மேல் போனது.

"அது செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு சார்" என்றாள் களப்பணி.

"சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது." இயக்குநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாத்தைப் பேழையிலிருந்து எடுத்து மஞ்சள் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டினார்கள். திரைக்காரர் மூக்கை உறிஞ்சினார். பிறகு அடுத்த வரியைப் படித்தார். "நோயுற்ற பறவையையும், துன்புறுத்தாத முறையில்…"

அவர் நிறுத்திவிட்டார். பூட்டுக்காரருக்குப் படிப்பு குறைவுதான். ஆனாலும் துன்புறுத்தாத முறையில் என்று தொடங்குகிற வாக்கியம் எங்கே போய் முடியும் என்பது தெரியாத அளவுக்குக் குறைவில்லை.

"அதுக்கு மேலிடத்து உத்தரவு தனியா வரணும்," என்று இயக்குநர் சுவருக்கு ஆறுதல் சொன்னார். "கேட்டிருக்கோம். இன்னும் வரலை."

வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி, தரையைத் தாண்டி, எதிர்ச் சுவரில் ஏறத் தொடங்கியது. களப்பணி மெதுவாக வந்து அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பெரியவரே, மதகுன்னீங்களே. உடைஞ்ச மதகா, புது மதகா?"

காலையிலிருந்து அந்த அறையில் அவரிடம் நேராகக் கேட்கப்பட்ட முதல் கேள்வி. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உடைஞ்சது. ஏம்மா?"

"அப்ப ஏழு அங்கதான் செத்துக் கிடக்கும். நான் போய்ப் பார்க்கணும். அந்தக் கரையில கோழி வளர்க்கிறவங்க இருக்காங்க. வாத்து தண்ணியில விட்டுட்டுப் போற சீக்கு கோழிக்கு ஒட்டும். கோழிகிட்டேர்ந்து சில சமயம் மனுஷனுக்கும் வரும். எங்கேர்ந்து வந்துச்சு, எங்க போச்சுன்னு தெரிஞ்சா முன்கூட்டியே சொல்லலாம். அதுக்குத்தான் இந்தக் கருவி."

"இதெல்லாம் நான் நம்ப மாட்டேன். நான் பொறந்ததுலேர்ந்து வாத்து வருது, போகுது. வாத்தால செத்தேன்னு ஒருத்தனும் சொன்னதில்ல."

"செத்தவன் வந்து உங்ககிட்டச் சொல்லுவானா?"

பூட்டுக்காரர் அவளை ஒருமுறை முறைத்தார். பிறகு குரலைத் தணித்தார். "என் பொண்டாட்டி கண்ணைக் கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருக்கா. இங்கேர்ந்து போக வழி ஒண்ணும் இல்லையா உங்க புஸ்தகத்துல?"

"ஒண்ணு இருக்கு. பறவை தானா கிளம்பினா யாரும் தடுக்கக் கூடாது. கிட்டக்கூடப் போகக் கூடாது. ஆனா கதவு பூட்டியிருக்கே."

பூட்டுக்காரர் அன்று முதல்முறையாகச் சிரித்தார். சிரித்துவிட்டு உடனே முகத்தைச் சுருக்கினார். காலையில் அவரே சொன்னது காதில் விழுந்தது: எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது. தொழிலில் அவர் இதுவரை பொய் சொன்னதில்லை. இத்தனை பேர் முன்னால் அந்தப் பூட்டைத் திறந்தால் அவர் வாக்கு என்னாவது? எதிர்ச் சுவரில் வெயில் கூரைக்குக் கிட்டே போய்விட்டது. இந்நேரம் வார்டில் வாளியைத் தூக்கியிருப்பார்கள்.

"கொம்பன்தானே திறக்கக் கூடாது," என்று முணுமுணுத்தார். "வாத்து திறக்கலாம்."

உடைந்த குடையிலிருந்து ஒரு கம்பியை முறித்தார். எழுந்து நின்று இடுப்பைத் தட்டினார்.

"சார், எழுந்திருச்சிடுச்சு!" என்று திரைக்காரர் கிசுகிசுத்தார்.

"எல்லாரும் சுவரோட ஒட்டுங்க," என்று இயக்குநர் மூச்சடக்கிச் சொன்னார். "வலசை போகுது. யாரும் அசையாதீங்க."

பூட்டுக்காரர் கதவருகே குந்தினார். கம்பி நுனியைப் பல்லால் வளைத்துச் சாவித்துளைக்குள் விட்டார். நல்ல பூட்டு. தாம் மாட்டிய பூட்டு என்பதற்காக அது இளகிக் கொடுக்கவில்லை. ஒரு தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை வியர்வை கண்ணில் இறங்கியது. மூன்றாம் தடவை உள்ளே ஏதோ ஒன்று பெருமூச்சு விடுவதுபோல் நகர்ந்தது. கதவு திறந்தது. பின்னால் யாரோ மெல்லக் கைதட்டினார்கள். இயக்குநர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பூட்டுக்காரர் மஞ்சள் நாடாவைப் பிய்த்துக் 'கூட்டை'த் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். களப்பணி அவர் பின்னால் வந்தாள்.

"நீ எங்க?" என்றார் இயக்குநர்.

"பறவையைப் பின்தொடரணும் சார். அதுதானே களப்பணி."

அவள் வராந்தாவுக்கு வந்ததும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. 'க்ளக்.' அரக்கு வைத்த உறை அவர்கள் காலடியில் கிடந்தது. உள்ளே கைப்பிடியை யாரோ ஆட்டினார்கள். மெதுவாக, பிறகு வேகமாக.

"பெரியவரே!" இயக்குநரின் குரல். பகல் முழுக்கச் சுவரோடு பேசியவர் இப்போதுதான் நேராகக் கூப்பிட்டார். "சாவியைத் தள்ளுங்க! இந்தப் பக்கம் தள்ளுங்க!"

பூட்டுக்காரர் உறையைப் பார்த்தார். குனியவில்லை. "முத்திரை வச்ச உறை சார். பறவைக்கு அதிகாரம் கிடையாது. மண்டல அதிகாரி வருவார், இருங்க."

தெருமுனையில் அவர் கருவியைக் களப்பணியிடம் நீட்டினார். அவள் மறுபேச்சில்லாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஏரிப்பக்கம் திரும்பியவள் நின்று சொன்னாள்: "போனதும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க. அம்மா கண்ணு பக்கத்துல கையைக் கொண்டுபோறதுக்கு முன்னாடி. மறக்காதீங்க."

"நீயும் அந்த ஆபீஸ்தானே" என்றார் பூட்டுக்காரர்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரம் கழுவிவிட்டு ஈரமாக இருந்தது. பெஞ்சில் அவள் ஒருத்திதான். துணிப்பை மடியில். காலடிச் சத்தத்துக்குத் தலையைத் தூக்கினாள். அவர் அவளை நோக்கிப் பாதி தூரம் போனார். நின்றார். குழாயடிக்குத் திரும்பி வந்தார். சும்மா சொல்லியிருப்பாள், இவர்கள் சொல்வதெல்லாம் சும்மாதான் என்று முனகிக்கொண்டே சோப்பைத் தேய்த்தார். அழுக்கு போன பிறகும் இன்னொரு தடவை தேய்த்தார். அவர் நம்பவில்லை. ஆனால் கண் அவருடையதும் இல்லை.

"வந்துட்டீங்களா? அந்த வாத்து விவகாரம் என்னாச்சு?" என்றாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு.

"கிளம்பிப் போயிடுச்சாம். நட."

தெருவில் இறங்கினார்கள். தலைக்கு மேலே வானத்தில் ஏதோ கரகரவென்று கூப்பிட்டுக்கொண்டு போயிற்று. அவள் கட்டுப் போட்ட முகத்தை அண்ணாந்தாள்.

"என்னங்க சத்தம்?"

"வாத்துக் கூட்டம்."

"எங்க போகுது?"

"எவனுக்குத் தெரியும்" என்றார் பூட்டுக்காரர். அவளுக்குப் படி வருகிறது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, மேலே பார்க்காமல் நடந்தார்.